ஆன்லைன் கேமில் லேக்: வீட்டு நெட்டை எங்கிருந்து சரிசெய்வது

லேக் அடிக்கிறது என்று 100 எம்பிபிஎஸ் பிளானிலிருந்து 300க்குத் தாவுகிறவர்கள் நிறைய. மாதாந்திர பில் கூடும், ஆட்டம் பழையபடியே இழுக்கும். ஒரு ஷூட்டர் கேமோ கால்பந்து கேமோ ஓடும்போது மணிக்கு ஏறத்தாழ 100 எம்பி அளவில்தான் டேட்டா போய்வருகிறது. கணக்குப் போட்டால் ஒரு மெகாபிட்டில் கால்பங்கு கூட வராது. 300 எம்பிபிஎஸ் பைப்பில் அது ஒரு மூலைக்குக் காணாது. பெரிய பிளானால் 100 ஜிபி அப்டேட் சீக்கிரம் இறங்கும், அவ்வளவுதான்.

ஆட்டத்தைக் கெடுப்பவை வேறு: ஒவ்வொரு பாக்கெட்டும் (டேட்டா இந்தச் சிறு துண்டுகளாகத்தான் போகிறது) போய்வர ஆகும் நேரம், அந்த நேரம் நிலையில்லாமல் ஏறி இறங்குவது, வழியில் பாக்கெட் தொலைவது. இந்த மூன்றும் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே கெடுகின்றன, வீட்டுக்குள்ளேயே சரியும் ஆகின்றன.

முதலில் அளந்து பாருங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் கோளாறு எந்தத் துண்டில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். கன்சோலில் இருந்து ரவுட்டர் வரை ஒரு துண்டு, ரவுட்டரிலிருந்து நெட் கம்பெனி வரை ஒன்று, அங்கிருந்து கேம் சர்வர் வரை மூன்றாவது.

கன்சோல் இருக்கும் அதே இடத்தில், அதே இணைப்பில் ஒரு லேப்டாப்பை வையுங்கள். விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து பிங் கட்டளையை (பாக்கெட் போய்வரும் நேரத்தை மில்லி வினாடியில் காட்டும்) ரவுட்டரின் முகவரிக்கு ஓட விடுங்கள். முகவரி பெரும்பாலும் 192.168.1.1, 192.168.0.1, 192.168.29.1 ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும், ரவுட்டரின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரைப் பாருங்கள். முகவரிக்குப் பின் ஹைஃபன், டி சேர்த்தால் நீங்கள் நிறுத்தும் வரை ஓடும், கன்ட்ரோல் சி அழுத்தினால் நிற்கும். இன்னொரு ஜன்னலில் அதே கட்டளையை 8.8.8.8க்கு, அதாவது வெளியே உள்ள கூகுள் சர்வருக்கு, ஓட்டுங்கள். இரண்டையும் ஐந்து நிமிடம் பக்கத்தில் பக்கத்தில் ஓட விட்டால் கதை தெரிந்துவிடும்.

கேபிளில் ரவுட்டருக்குப் பிங் 1 மில்லி வினாடிக்குள் இருக்க வேண்டும். வைஃபையில் 2 முதல் 5 வரை இருந்தால் நல்லது. நடுநடுவே 80, 150 என்று குதித்தாலோ, "ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்" என்று வரி வந்தாலோ உங்கள் பிரச்சினை வீட்டு வைஃபை. நெட் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை. ரவுட்டருக்கான பிங் அமைதியாக இருந்து 8.8.8.8 மட்டும் துள்ளினால் கோளாறு ரவுட்டரைத் தாண்டி இருக்கிறது, அல்லது வீட்டில் யாரோ பைப்பை அடைத்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாவதற்கே வாய்ப்பு அதிகம், அதைப் பிறகு விரிவாகப் பார்ப்போம்.

தூரத்தை மட்டும் யாராலும் குறைக்க முடியாது. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. ஓடும். அதாவது 100 கி.மீ. தள்ளியிருக்கும் சர்வருக்குப் போய்வர 1 மில்லி வினாடி. சென்னையிலிருந்து மும்பை நேர்கோட்டில் ஆயிரம் கி.மீ.க்குச் சற்று மேல், அதனால் 10க்குக் கீழே பிங் வரவே வராது. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, வழியில் ரவுட்டர்கள் உண்டு என்பதால் 20 முதல் 35 வரை காட்டினால் திருப்திப்படலாம். சிங்கப்பூர் ஏறத்தாழ 2,900 கி.மீ., கடலடிக் கேபிளில் 29க்குக் கீழே இயற்பியல் விடாது. கொழும்பிலிருந்தும் அது ஏறத்தாழ 2,700 கி.மீ. எனவே சிங்கப்பூர் சர்வரில் 45 காட்டுகிறது என்று ரவுட்டரை நோண்டுவது வீண் வேலை. கேமில் சர்வர் ரீஜனைத் தேர்ந்தெடுக்க வழி இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். தானாக ஐரோப்பாவுக்கு மாட்டிக்கொண்டு 150 காட்டும் கேஸ்கள் உண்டு, ஒரு மெனு மாற்றத்தில் தீரும்.

கேபிள் இழுக்க முடிந்தால் இழுத்துவிடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் எல்லாவற்றிலும் ஜிகாபிட் லேன் போர்ட் இருக்கிறது. நின்டெண்டோ ஸ்விட்ச் ஓஎல்இடி மாடலின் டாக்கிலும் ஸ்விட்ச் 2 டாக்கிலும் உண்டு. பழைய ஸ்விட்ச்சுக்கு யூஎஸ்பி லேன் அடாப்டர் வாங்க வேண்டும்.

கேட்5இ கேபிள் 100 மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ் தாங்கும். புதிதாக வாங்குவதானால் கேட்6 வாங்குங்கள், விலை வித்தியாசம் சொற்பம். கேட்7, கேட்8 என்று கேமிங் லேபிள் ஒட்டி விற்பவற்றுக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் கம்பியை. சிசிஏ என்று போட்டிருந்தால் அது அலுமினியக் கம்பிக்கு மேல் செம்பு பூசியது. வளைத்தால் உள்ளே உடையும், கிரிம்ப் செய்த இடம் நாளடைவில் தளரும். முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். ஒரு நுனியைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தால் போதும், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம்.

கன்சீல்டு பைப்பில் ஏற்கனவே கரன்ட் ஒயர் ஓடினால் அதே பைப்பில் லேன் கேபிளைத் திணிக்கக் கூடாது. இரைச்சல் ஏறுவது ஒரு பக்கம், 230 வோல்ட் ஒயரின் இன்சுலேஷன் உரிந்தால் ஆபத்து. கேபிள் டிவி போன பைப் காலியாகக் கிடந்தால் அதுதான் தங்கம். இல்லையென்றால் சுவர் ஓரமாக பிவிசி கேசிங் பட்டி அடித்துக் கொண்டுபோகலாம்.

நீளமாக இழுத்து நீங்களே கிளிப் போடுவதானால், கிளிப்பின் பூட்டு கீழே இருக்க, முனைகள் உங்கள் முகத்துக்கு எதிர்ப்பக்கம் பார்க்க, இடமிருந்து வலமாக இந்த வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரண்டு நுனியிலும் அதே வரிசை. முறுக்கைப் பிரிப்பது ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். கேபிளின் வெளித்தோல் கிளிப்புக்குள் போய் அதன் கவ்வில் சிக்க வேண்டும். தோல் வெளியே நின்றால் நான்கு முறை கழற்றி மாட்டியதும் கம்பி விடுபடும்.

மாட்டியதும் கன்சோலில் இணைப்பு விவரத்தில் லிங்க் வேகம் பாருங்கள். 1 ஜிபிபிஎஸ் வர வேண்டிய இடத்தில் 100 எம்பிபிஎஸ் காட்டினால் இரண்டு காரணங்கள் உண்டு. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு நான்கு கம்பி போதும் என்பதால் நீலம் அல்லது பழுப்பு ஜோடியில் ஒன்று விட்டுப்போயிருந்தாலும் இணைப்பு எழுந்துவிடும், ஆனால் குறைந்த வேகத்தில். இன்னொன்று, விலை குறைந்த ஃபைபர் பெட்டிகளில் ஒரே ஒரு லேன் போர்ட்தான் ஜிகாபிட், மற்றவை 100. அந்த ஒன்றை டிவி பெட்டி பிடித்துக்கொண்டிருக்கும்.

கேபிளுக்குப் பதில் கரன்ட் ஒயர் வழியே நெட் அனுப்பும் பவர்லைன் அடாப்டரை யோசிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வீட்டில் த்ரீ ஃபேஸ் இணைப்பு இருந்தால் ஹாலும் படுக்கையறையும் வேறு வேறு ஃபேஸில் இருக்கலாம், அப்போது சிக்னல் தாண்டவே சிரமப்படும். இன்வர்ட்டர் லைனில் உள்ள பிளக்குக்கும் நேரடி லைன் பிளக்குக்கும் நடுவேயும் அதே தொல்லை. சர்ஜ் புரொடெக்டரிலோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ மாட்டினால் சரியாக ஓடாது, சுவர் பிளக்கில் நேராக மாட்ட வேண்டும். திருப்பிக் கொடுக்க வசதியுள்ள கடையில் வாங்கிப் பரீட்சை பார்ப்பதே புத்திசாலித்தனம்.

நேட் டைப்: பெட்டிக்குள் பெட்டி

வீட்டுக் கருவிகள் எல்லாவற்றையும் ஒரே பொது முகவரியில் வெளியே அனுப்ப ரவுட்டர் செய்யும் முகவரி மாற்றும் வேலைதான் நேட். பிளேஸ்டேஷன் 5இல் அமைப்புகள், நெட்வொர்க், கனெக்ஷன் ஸ்டேட்டஸ் என்று போய் இணைய இணைப்பைச் சோதித்தால் நேட் டைப் 1, 2, 3 என்று ஒன்று வரும். ரவுட்டருக்குப் பின்னால் இருப்பவருக்கு 2 வந்தால் எல்லாம் நலம். 1 வரவில்லையே என்று கவலைப்பட ஒன்றுமில்லை. 3 வந்தால்தான் வேலை இருக்கிறது: பார்ட்டி சாட்டில் ஒருவர் குரல் மட்டும் கேட்காது, நண்பர் அனுப்பும் அழைப்பு சேராது, மேட்ச் தேடியபடியே நிற்கும். எக்ஸ்பாக்ஸில் ஜெனரல், நெட்வொர்க் செட்டிங்ஸ் உள்ளே ஓப்பன், மாடரேட், ஸ்ட்ரிக்ட் என்று காட்டும். ஸ்ட்ரிக்ட்டில் இருப்பவர் ஓப்பனில் இருப்பவரோடு மட்டும்தான் சேர முடியும். ஸ்விட்ச்சில் ஏ, பி என்றால் சரி, டி என்றால் சிக்கல், எஃப் என்றால் இணைப்பே இல்லை.

நேட் டைப் மோசமாக இருந்தால் பிங் ஏறும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. நேரடித் தொடர்பு இல்லை. அது யாரோடு சேர முடியும் என்பதைத்தான் தீர்மானிக்கிறது. ஆட்டக்காரர்களின் கன்சோல்கள் ஒன்றோடொன்று நேராகப் பேசும் சண்டை கேம்களில் அது உறைக்கும்.

நம் வீடுகளில் இதற்குப் பொதுவான காரணம் இரட்டை நேட். நெட் கம்பெனி மாட்டிய ஃபைபர் பெட்டி தானே ஒரு ரவுட்டர். அதற்குப் பின்னால் கடையில் வாங்கிய நல்ல ரவுட்டரை மாட்டுகிறோம். இரண்டும் முகவரி மாற்றும் வேலையைச் செய்கின்றன. வெளியிலிருந்து வரும் பாக்கெட் முதல் பெட்டியில் நின்றுவிடும், இரண்டாவது பெட்டியில் என்ன போர்ட் (இங்கே கேபிள் துளை அல்ல, பாக்கெட் நுழையும் எண்ணிட்ட வாசல்) திறந்திருந்தாலும் பயனில்லை.

கண்டுபிடிக்க: உங்கள் ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் ஐபி, அதாவது ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி, என்ன என்று பாருங்கள். 192.168 என்றோ 10 என்றோ, 172.16 முதல் 172.31க்குள்ளோ தொடங்கினால் முன்னால் இன்னொரு ரவுட்டர் இருக்கிறது. தீர்வு இரண்டு. ஃபைபர் பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு (முகவரி மாற்றாமல் டேட்டாவை அப்படியே கடத்தும் நிலை) மாற்றச் சொல்லி நெட் கம்பெனியிடம் கேட்கலாம். பிபிபிஓஇ (லாகின் செய்து இணையும் வகை) இணைப்பானால் யூசர்நேம், பாஸ்வேர்டையும் கேட்டு வாங்கி உங்கள் ரவுட்டரில் போட வேண்டும். பெட்டியில் லேண்ட்லைன் போனும் டிவியும் ஓடினால் பிரிட்ஜ் மோடில் அவை நின்றுபோகலாம், முன்கூட்டியே விசாரியுங்கள். அவர்கள் மறுத்தால் மாற்று வழி தலைகீழாகப் போவது: உங்கள் ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடில் வைத்து, முகவரி வேலையைக் கம்பெனி பெட்டியிடமே விட்டுவிடுவது. நேட் ஒன்றாகிவிடும். ஆனால் பின்னால் சொல்லப்போகும் வரிசைக் கட்டுப்பாடு உங்கள் கையை விட்டுப் போகும்.

வான் ஐபி 100.64 முதல் 100.127க்குள் இருந்தால் விஷயம் வேறு. அது சிஜிநேட். ஐபிவி4 என்ற பழைய வகை முகவரிகள் தீர்ந்துபோனதால் ஒரே பொது முகவரியை நெட் கம்பெனி பல வீடுகளுக்குப் பங்கு போடுகிறது. அதற்கென்றே 2012இல் ஒதுக்கப்பட்ட முகவரித் தொகுதி இது. சில கம்பெனிகள் 10இல் தொடங்கும் முகவரியையே கொடுப்பதும் உண்டு. அதனால் முகவரி எதுவாக இருந்தாலும், வான் ஐபியும் "என் ஐபி என்ன" என்று காட்டும் தளம் சொல்லும் எண்ணும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். வேறு வேறு என்றால், வீட்டில் ஒரே ரவுட்டர்தான் என்றால், சிஜிநேட்.

சிஜிநேட்டில் வீட்டு ரவுட்டரில் போர்ட் ஃபார்வேர்டிங் (வெளியிலிருந்து வரும் பாக்கெட்டைக் கன்சோலுக்குத் திருப்பிவிடுவது) செய்வது பூட்டிய கேட்டுக்கு உள்ளே கதவைத் திறந்துவைப்பது போல. அதே சமயம் சிஜிநேட் என்றாலே டைப் 3 என்றில்லை. கம்பெனியின் கருவி முகவரியை மாற்றும் விதத்தைப் பொறுத்து டைப் 2 தாராளமாக வரும். வந்தால் விட்டுவிடுங்கள். வராவிட்டால் மாதக் கட்டணத்தில் ஸ்டாடிக் (மாறாத) பொது ஐபி கேட்பது நேர்வழி. எக்ஸ்பாக்ஸ்காரர்கள் அதற்கு முன் ரவுட்டரில் ஐபிவி6 என்ற புதிய வகை முகவரியை இயக்கிப் பாருங்கள். அந்த கன்சோல் ஐபிவி6ஐ நன்றாகப் பயன்படுத்தும், செலவில்லாமல் பிரச்சினை தீரலாம்.

யூபிஎன்பி, போர்ட்

சிஜிநேட் இல்லை, இரட்டை நேட்டும் இல்லை, இன்னும் டைப் 3 என்றால் ரவுட்டரில் யூபிஎன்பி இயங்குகிறதா என்று பாருங்கள். கன்சோல் தனக்கு வேண்டிய போர்ட்டைத் தானே கேட்டுத் திறந்துகொள்ளும் ஏற்பாடு அது. இயக்கியதும் ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்து, கன்சோலை ரெஸ்ட் மோடில் போடாமல் முழுதாக அணைத்து எழுப்புங்கள். பழைய பதிவு ரவுட்டரில் ஒட்டிக்கொண்டிருந்தால் புதிய கோரிக்கை ஏறாது. யூபிஎன்பியின் குறை, வீட்டில் உள்ள எந்தக் கருவியும் போர்ட் திறக்கலாம் என்பது. பெயர் தெரியாத கம்பெனியின் கேமராக்கள் நிறைய இருக்கும் வீட்டில் அதை அணைத்துவிட்டுக் கையால் செய்வதே மேல்.

கையால் செய்ய முதலில் கன்சோலுக்கு மாறாத உள் முகவரி தேவை. கன்சோலில் முகவரியைப் பதிப்பதை விட ரவுட்டரில் டிஹெச்சிபி ரிசர்வேஷன் (கன்சோலுக்கு எப்போதும் ஒரே முகவரியைக் கொடுக்கச் சொல்வது) போடுவது சுத்தம். இங்கே ஒரு பொதுவான தவறு: கன்சோலில் லேனுக்கு ஒரு மேக் முகவரி (கருவியின் அடையாள எண்), வைஃபைக்கு இன்னொன்று. வைஃபை மேக்கைப் பதிந்துவிட்டு கேபிளில் ஆடினால் ரிசர்வேஷன் ஒட்டாது.

டிசிபி, யூடிபி என்பவை டேட்டா அனுப்பும் இரண்டு முறைகள். பிளேஸ்டேஷன் 5க்கு டிசிபி 3478 முதல் 3480 வரை, யூடிபி 3478, 3479, தேவைப்பட்டால் 49152 முதல் 65535 வரை. எக்ஸ்பாக்ஸுக்கு 3074 டிசிபி, யூடிபி இரண்டும், அதோடு யூடிபி 88, 500, 3544, 4500. ஸ்விட்ச்சுக்கு யூடிபி 45000 முதல் 65535. ஒரே போர்ட்டை இரண்டு கன்சோலுக்குத் திறக்க முடியாது. வீட்டில் இரண்டு எக்ஸ்பாக்ஸ் இருந்தால் ஒன்றில் அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் ஆல்டர்நேட் போர்ட் செலக்ஷன் போய் வேறு எண்ணைத் தேர்ந்தெடுத்து, அந்த எண்ணை ரவுட்டரில் திறங்கள். யூபிஎன்பியும் கை ஃபார்வேர்டிங்கும் ஒரே போர்ட்டுக்கு மோதினால் எதுவும் ஓடாது, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

வரிசைதான் எதிரி

இப்போது முக்கியமான இடம். ஞாயிறு இரவு, கல்யாணத்துக்குப் போய்விட்டு வீட்டார் திரும்புகிறார்கள். போன் வைஃபையில் ஏறியதும் 300 படமும் வீடியோவும் கிளவுடுக்குத் தானாக ஏறத் தொடங்குகின்றன. அதே நொடி உங்கள் ஆட்டம் ரப்பர் போல் இழுக்கிறது. ஸ்பீடு டெஸ்ட் எடுத்தால் வேகம் பிரமாதமாக இருக்கும்.

நடப்பது இதுதான். உங்கள் அப்லோடு 20 எம்பிபிஎஸ் என்று வைத்துக்கொள்வோம். போன் அதைவிட வேகமாக ரவுட்டருக்குத் தள்ளுகிறது. மிஞ்சியதை ரவுட்டரோ ஃபைபர் பெட்டியோ நினைவகத்தில் வரிசையாக நிறுத்திவைக்கிறது. அந்த வரிசையில் 1 எம்பி சேர்ந்தால், அதாவது 8 மெகாபிட், 20 எம்பிபிஎஸ் வேகத்தில் அது கரைய 0.4 வினாடி ஆகும். உங்கள் கன்சோலின் 100 பைட் பாக்கெட் அந்தப் படங்களுக்குப் பின்னால் 400 மில்லி வினாடி நிற்கிறது. ரேஷன் கடை க்யூவில் ஒரு தீப்பெட்டி வாங்க நிற்பவர் நிலைமைதான். இதை பஃபர்புளோட் என்பார்கள்.

பரிசோதனை சுலபம். 8.8.8.8க்குப் பிங்கை ஓட விடுங்கள்: 7, 6, 7, 7. இப்போது போனிலிருந்து ஒரு பெரிய வீடியோவை டிரைவில் ஏற்றுங்கள்: 7, 48, 190, 310, 385 என்று ஏறி அங்கேயே நின்றால் நோய் உறுதி. 20, 25க்குள் நின்றால் உங்களுக்கு இந்தப் பகுதி தேவையில்லை.

ரவுட்டரில் கேமிங் மோட் என்ற பட்டனை அழுத்தி, கன்சோலை முதலிடத்தில் இழுத்துவிட்டும் பலன் இல்லை என்று பலர் சலித்துக்கொள்வார்கள். காரணம், வரிசை உங்கள் ரவுட்டரில் நிற்கவில்லை. ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் நடுவே 1 ஜிபிபிஎஸ் இருப்பதால் ரவுட்டர் எல்லாவற்றையும் உடனே தள்ளிவிடுகிறது, கூட்டம் அடுத்த பெட்டியில் சேர்கிறது. முன்னுரிமை கொடுக்க ரவுட்டரிடம் வரிசையே இல்லை. அதனால் செய்ய வேண்டியது, ரவுட்டரை உண்மையான வேகத்துக்குச் சற்றுக் கீழே கட்டுவது. அப்போது வரிசை ரவுட்டருக்குள் உருவாகும், அதை ஒழுங்காக நடத்த ரவுட்டருக்குத் தெரியும்.

சாதாரண ரவுட்டரானால் க்யூஓஎஸ் (யாருக்கு முன்னுரிமை என்று சொல்லும்) பக்கத்தில் மொத்த அப்லோடு, டவுன்லோடு அளவு கேட்கும் கட்டம் இருக்கும். பிளான் எண்ணைப் போடாதீர்கள். கேபிளில் மூன்று முறை, அதில் ஒன்று இரவு 9 மணி வாக்கில், ஸ்பீடு டெஸ்ட் எடுத்து, இருப்பதில் குறைந்ததன் 90 சதவீதத்தைப் போடுங்கள். பிறகு கன்சோலுக்கு முன்னுரிமை. இப்போது அதே பட்டன் வேலை செய்யும்.

இதைவிட நல்லது எஸ்கியூஎம், வரிசையைத் தானே நிர்வகிக்கும் ஏற்பாடு. ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருள் ஓடும் ரவுட்டரில் அதற்கான பேக்கேஜை நிறுவி, வான் இன்டர்ஃபேஸைத் தேர்ந்தெடுத்து, க்யூ வகையில் கேக், ஸ்கிரிப்டில் பீஸ் ஆஃப் கேக், லிங்க் லேயரில் ஈதர்நெட், ஓவர்ஹெட் 44. வேகக் கட்டம் கிலோபிட்டில் கேட்கும்: 100 எம்பிபிஎஸ்ஸின் 90 சதவீதம் 90000. 90 என்று போட்டுவிட்டு நெட்டே செத்துப்போச்சு என்று தலையைப் பிய்த்துக்கொள்வது வழக்கம். கேக்கின் அழகு, கன்சோல் எது, போன் எது என்று நீங்கள் சொல்லித்தரத் தேவையில்லை. ஒவ்வொரு ஓட்டத்தையும் தனித்தனி வரிசையாக்கி மாறி மாறி அனுப்பும். கொஞ்சமாகக் கேட்பவர் காத்திருக்க வேண்டியிருக்காது.

பிறகு பிங் சோதனையை மறுபடி ஓட்டுங்கள். இன்னும் ஏறினால் 85 சதவீதத்துக்கு இறக்குங்கள். நன்றாக இருந்தால் 95 வரை ஏற்றிப் பார்க்கலாம். இதற்கு விலை உண்டு: ரவுட்டரின் ஹார்டுவேர் ஆக்சலரேஷன் அணைந்து, எல்லா பாக்கெட்டும் சிபியூ வழியே போகும். பழைய ரவுட்டர் 100, 200 எம்பிபிஎஸ்ஸிலேயே மூச்சு வாங்கும். 300 பிளானில் எஸ்கியூஎம் போட்டதும் 140தான் வருகிறது என்றால் கோளாறு நெட்டில் இல்லை, சிபியூ அவ்வளவுதான். அப்படிப்பட்ட ரவுட்டரில் அப்லோடு பக்கத்தை மட்டும் கட்டுங்கள், பெரும்பாலான வீடுகளில் அடைப்பு அங்கேதான்.

ரவுட்டரில் எந்த வசதியும் இல்லாதவர்கள் ஆட்ட நேரத்தில் போட்டோ பேக்கப்பை சார்ஜ் போடும்போது மட்டும் என்று மாற்றலாம், கிளவுடுக்கு ஏற்றும் சிசிடிவி கேமராவின் தரத்தைக் குறைக்கலாம். கன்சோல் தானே பின்னணியில் அப்டேட் இறக்குகிறதா என்றும் பாருங்கள். எக்ஸ்பாக்ஸ் ஆட்டம் ஓடும்போது டவுன்லோடு வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இருந்தாலும் ஆடும்போது நிறுத்திவைப்பதுதான் நிம்மதி.

வைஃபையை விட வழியில்லாதவர்களுக்கு

கன்சோல் 5 கிகாஹெர்ட்ஸில் இருக்க வேண்டும். 2.4இல் பக்கத்து வீட்டு ரவுட்டர்கள், மைக்ரோவேவ், கன்ட்ரோலரின் புளூடூத் எல்லாம் ஒரே தெருவில் நெரிசல். கன்சோலில் மாட்டிய யூஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க்கும் அந்த அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும். ரவுட்டர் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் பிரித்து, 5க்குத் தனிப் பெயர் கொடுத்து கன்சோலை அதில் மட்டும் சேருங்கள். 2013இல் வந்த முதல் பிளேஸ்டேஷன் 4இல் 5 கிகாஹெர்ட்ஸே கிடையாது, அதற்குக் கேபிள்தான் கதி.

சேனலில் 36 முதல் 48 வரை அல்லது 149 முதல் 161 வரை உள்ளதை, வைஃபை அனலைசர் ஆப்பில் பார்த்து, கூட்டம் குறைந்த பக்கமாகத் தேர்ந்தெடுங்கள். நடுவே உள்ள 52 முதல் 144 வரை ரேடாருடன் பகிர்ந்துகொள்ளும் சேனல்கள். ரேடார் சிக்னல் கேட்டால் ரவுட்டர் உடனே இடத்தைக் காலி செய்யும், அதே வகையில் இன்னொரு சேனலுக்குப் போனால் குறைந்தது 60 வினாடி கேட்டுப் பார்த்த பிறகுதான் பேசும். மேட்ச் நடுவில் ஒரு நிமிடம் இணைப்பு போவது அப்படித்தான். அகலம் 80 மெகாஹெர்ட்ஸ் வையுங்கள். அடுக்குமாடியில் எல்லாரும் மோதினால் 40க்கு இறக்குவது நல்லது. வேகம் குறையும், நிலை வரும்.

ரவுட்டரை லாஃப்ட்டுக்குள்ளோ, பீரோவுக்குப் பின்னாலோ, டிவிக்கு முதுகிலோ வைக்காதீர்கள். இரும்பு பீரோ, பெரிய கண்ணாடி, மீன் தொட்டி மூன்றும் 5 கிகாஹெர்ட்ஸை மறைக்கும். இடையில் ஒரு செங்கல் சுவர் பரவாயில்லை, கான்கிரீட் தளத்தைத் தாண்டி மாடிக்கு என்றால் மெஷ், அதாவது நோடு எனப்படும் பல வைஃபை பெட்டிகள் சேர்ந்த அமைப்பு, தேவை. மெஷ் வாங்கினால் கன்சோல் பக்கத்து நோடிலிருந்து சிறிய லேன் கேபிளில் இணையுங்கள். நோடின் ஆன்டெனா கன்சோலின் ஆன்டெனாவைவிட வலிமையானது.

டிஎன்எஸ், எம்டியூ, இன்ன பிற

டிஎன்எஸ்ஸை 1.1.1.1 ஆக்கினால் பிங் குறையும் என்பது தவறு. டிஎன்எஸ் பெயரை முகவரியாக்கியதும் அதன் வேலை முடிந்தது, ஆட்டப் பாக்கெட் அந்த வழியே போவதில்லை. ஸ்டோர் பக்கம் திறக்கத் தாமதமானால் மாற்றிப் பாருங்கள். எம்டியூவை (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச பைட் அளவு) 1473 ஆக்குங்கள் என்று ஒரு அறிவுரை ஆண்டுக்கணக்காகச் சுற்றுகிறது, அந்த எண்ணுக்கு எந்த அடிப்படையும் இல்லை. பிபிபிஓஇ இணைப்பில் 8 பைட் கூடுதல் தலைப்பு சேர்வதால் 1492 என்பதுதான் சரியான எண், ரவுட்டர் அதைத் தானே கையாளும். லாகின் பாதியில் நின்றாலோ, சில பக்கங்கள் மட்டும் திறக்காமல் தொங்கினாலோ மட்டும் கன்சோலில் 1492 என்று கையால் போட்டுப் பாருங்கள். கம்பெனி பெட்டியில் யூடிபி ஃபிளட் தடுப்பு இயங்கினால் அது கேம் பாக்கெட்டைத் தாக்குதல் என்று எண்ணி வீசலாம். மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பாக்கெட் தொலைந்தால் அணைத்துப் பாருங்கள்.

பிங் 20 காட்டுகிறது, பொத்தானை அழுத்தினால் மட்டும் தாமதம் என்றால் அது நெட்டே இல்லை, டிவியின் தாமதம். டிவியில் கேம் மோடைப் போடுங்கள்.

வீட்டுக்குள் எல்லாம் சுத்தம், 8.8.8.8 மட்டும் தாறுமாறு என்றால் ஃபைபர் பெட்டியின் பக்கத்தில் ஆப்டிகல் ஆர்எக்ஸ் பவர் (பெட்டிக்கு வந்துசேரும் ஒளியின் அளவு) என்று ஒரு எண் இருக்கும். மைனஸ் 15 முதல் மைனஸ் 25 டிபிஎம் வரை நலம். மைனஸ் 27ஐத் தொட்டால் இழையில் எங்கோ இழப்பு. பெட்டிக்குப் பின்னால் உள்ள மஞ்சள் கேபிள் ஆணியில் இறுக்கமாகச் சுற்றியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், 3 செ.மீ. ஆரத்துக்குக் கீழே வளைத்தால் ஒளி கசியும். அங்கே சரியென்றால் புகார் கொடுங்கள். "நெட் ஸ்லோ" என்று சொல்லாமல், கேபிளில் எடுத்த பிங் பதிவு, காலை 6 மணிக்கு ஒன்று, இரவு 9 மணிக்கு ஒன்று, ஆர்எக்ஸ் எண் ஆகிய மூன்றையும் அனுப்புங்கள். இரவில் மட்டும் கெட்டால் அவர்கள் பக்கம் நெரிசல், எந்நேரமும் கெட்டால் லைன் கோளாறு. லைன்மேனை அனுப்புவதா, மேலிடத்துக்குத் தள்ளுவதா என்று அதை வைத்துத்தான் முடிவெடுப்பார்கள்.

கரன்ட் போய் இன்வர்ட்டர் எடுக்கும் அந்த அரை நொடியில் ஃபைபர் பெட்டி ரீஸ்டார்ட் ஆகி, இணைப்பு திரும்ப இரண்டு மூன்று நிமிடம் ஆகும். 12 வோல்ட் மினி யூபிஎஸ் அதைத் தடுக்கும். வாங்கும்முன் பெட்டியின் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பாருங்கள். ரவுட்டர் தனியாக இருந்தால் இரண்டின் ஆம்பியரையும் கூட்டுங்கள். 1 ஆம்பியர் பெட்டியும் 1.5 ஆம்பியர் ரவுட்டரும் இருக்கும் வீட்டுக்கு 2 ஆம்பியர் யூபிஎஸ் போதாது. பின்னின் தடிமனும், நடுவில் பிளஸ்ஸா மைனஸா என்ற படமும் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே செருகுங்கள்.